உடுப்பு என்ன நிறம்?



எட்டாம் கற்பனையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றவுடன், "இது பிள்ளைகளுக்கு உரியது, நமக்கல்ல" என்று இந்தத் தாளை மடித்துச் சின்னவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். இன்று எழுதுவது பெரும்பாலும் தாய் தகப்பன்மாருக்கே.

உங்கள் சிறு வயதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். எந்தப் பொய்யையும் கண்டுபிடித்துவிடும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார். எங்கள் வீட்டில் இருவர். சித்தப்பா, "நாக்கை நீட்டுலே, பொய் சொல்லியிருந்தா கறுப்புப் புள்ளி இருக்கும்" என்பார். உண்மை சொன்ன பிள்ளை சட்டென்று நீட்டும். பொய் சொன்னது வாயை இறுக மூடிக்கொள்ளும். புள்ளியைத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாளும் நேர்ந்ததில்லை! மற்றவள் எங்கள் ஆச்சி. அவளுக்கு இந்த வித்தையும் தேவைப்படவில்லை.

நான் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் பனங்காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். 1960-களின் கடைசி, எனக்கு 9 வயது. தபசு காலம், பதநீர் இறங்குகிற சமயம். ஞாயிறு முதல் பூசை பெரியவர்களுக்கு, இரண்டாம் பூசை பிள்ளைகளுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். ஒரு ஞாயிறு நான் கோயில் வாசல்வரைக்கும் போய், உள்ளே நுழையாமல், அப்படியே பனங்காட்டுக்கு நடந்துவிட்டேன். பனையேறி ஒருவர் ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்த பதநீரை வயிறு முட்டக் குடித்தேன். பிள்ளைகள் திரும்பும் நேரம் பார்த்து, அவர்களோடு கலந்து, நல்ல பிள்ளையாக வீடு வந்து சேர்ந்தேன்.

ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பூசை கண்டியாலே?"

"கண்டேன் ஆச்சி."

"சாமியாரு உடுப்பு என்ன நிறம்?"

நான் கெட்டிக்காரன் அல்லவா? தபசு காலத்துக்கு ஊதா என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தேன். "ஊதா" என்றேன். நாக்குழறவில்லை, கண்ணைத் தாழ்த்தவுமில்லை. "சரி, போ" என்றாள் ஆச்சி, முறத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.

மறுநாள் சாயங்காலம் உபதேசியார் எங்களை உட்காரவைத்து, "நேற்று சுவாமியார் ஏன் ரோஜா நிற உடுப்பு போட்டிருந்தார்?" என்று கேட்டபோது எனக்கு வேர்த்துவிட்டது. வருஷத்தில் இரண்டே ஞாயிறுகள்தான் அந்த நிறத்துக்கு உரியவை: ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறும், தபசு காலத்தின் நாலாம் ஞாயிறும். தவத்தின் நடுவே சந்தோஷத்தின் அடையாளமாகத் திருச்சபை அதை வைத்திருக்கிறது. அந்த உடுப்பு இல்லாத கோயில்களில் ஊதாவே போட்டுக்கொள்ளலாம். எங்கள் கோயில் பெட்டியில் ஒன்று இருந்து தொலைத்தது, என் கெட்ட காலம். முதல் பூசை கண்டுவந்த ஆச்சிக்கு அது தெரியாதிருக்குமா?

அன்று முதல் ஐந்து நாள். ஆச்சி ஒன்றுமே சொல்லவில்லை. சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், இரவு ஜெபமாலைக்கு எப்போதும்போல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இரண்டு அடி அடித்திருந்தால் அன்றைக்கே தீர்ந்து, நானும் மறந்திருப்பேன். சனிக்கிழமை அடுப்பங்கரையில் போய் நின்றேன்.

"ஆச்சி, நான் பூசைக்குப் போகலை."

"தெரியும்லே. வரும்போதே சட்டையிலே சுண்ணாம்பு." பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்களே, அதன் வண்டல்! பிறகு அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னாள்: "நானும் ஒன் வயசுலே ஒருநாள் அந்தக் காட்டுக்குத்தாம்லே போனேன். எங்க அம்மைகிட்டே பூசை கண்டேன்னுதான் சொன்னேன். போ, சாமியாருகிட்டே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா. நாளைக்கு என்கூட முதல் பூசைக்கு வா."

ஆச்சியின் இந்த வரம் எனக்கும் வந்திருக்கிறதென்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் விளைந்ததையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். குருப்பட்டம் பெற்ற புதிதில் மாணவர் விடுதி ஒன்றைக் கவனித்துவந்தேன். ஒருநாள் மேஜைமேல் வைத்த 10 ரூபாயைக் காணோம். அறையைப் பெருக்க வந்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான், திக்கினான், முகம் சிவந்தது. "நான் எடுக்கலை சாமி" என்றான். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதே, வேறு அத்தாட்சி எதற்கு என்று முடிவுகட்டி, எல்லாப் பையன்களுக்கும் முன்பாக அவனை முழங்காலில் நிற்கவைத்தேன். மூன்றாம் நாள் என் கட்டளை ஜெபப் புத்தகத்தைத் திறந்தபோது, அடையாளத்துக்கென்று நானே செருகிய அந்த நோட்டு ஏட்டுக்குள் இருந்தது.

அதே பையன்களுக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சாமி" என்றான். ஆனால் அந்த வருஷம் முழுவதும் என் கண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. சொன்ன உண்மை நம்பப்படாத பிள்ளை எப்படியிருக்கும் என்பதை அவனிடத்தில்தான் படித்தேன்.

பிற்காலத்தில் ஒரு செய்தி வாசித்தேன். 2006-ம் ஆண்டில் பாண்ட், டிபௌலோ என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இருவர், அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சோதிக்கப்பட்டவர்கள் 24,000 பேருக்கு மேல். பேசுகிறவனைப் பார்த்துப் பொய்யா மெய்யா என்று சொல்வதில் மனிதர் 100-க்கு 54 தடவைதான் சரியாகச் சொல்கிறார்களாம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்! போலீசாரும் நீதிபதிகளும்கூட மற்றவர்களைவிடத் தேறியவர்களல்லராம். அப்படியானால் ஆச்சி கண்டுபிடித்தது எப்படி? அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சட்டையைப் பார்த்தாள்; உடுப்பின் நிறத்தைக் கேட்டாள். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்தப் பனங்காட்டு வழி அவளுக்குத் தெரியும்.

அர்ச். இராயப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் காலத்தில் அனனியாஸ் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, முழுவதையும் கொண்டுவந்ததாகக் காட்டியபோது, அவர் உடனே கண்டுகொண்டார். பிறகு வந்த சப்பீராளிடமோ, நிலம் இவ்வளவுக்குத்தானா விற்றது என்று நேராகவே கேட்டார். உண்மை சொல்ல அவளுக்கு அப்போதும் ஒரு வாசல் திறந்திருந்தது. அவள் அதில் நுழையவில்லை. முடிவு உங்களுக்குத் தெரிந்ததே. இந்த இராயப்பரே பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டு, மூன்று தடவை பொய் சொன்னவர் அன்றோ? அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயாப் பேச்சு. (சென்னையில் போய் நம்மவர் ஒரு 'லே' போட்டால் ஊர் தெரிந்துவிடுவதுபோல!) அப்போது சேசுநாதர் சுவாமி அவரைத் திட்டவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தார் என்று மட்டும் அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். அந்தப் பார்வையோடுதான் இராயப்பர் வெளியே போய் அழுதார்.

அர்ச். அகுஸ்தீன் பொய்யைக் குறித்தே தனியாக இரண்டு நூல்கள் எழுதினார். எந்தப் பொய்யும் ஆகாது என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன அவரே, சிறு வயதில் விளையாட்டு ஆசையால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் எண்ணற்ற பொய் சொன்னதாகவும், வீட்டுப் பண்டங்களைத் திருடியதாகவும் தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் பிள்ளைக்கு உங்கள் கதையில் எவ்வளவு தெரியும்?

இன்னொன்று. கடன்காரரிடமிருந்து போன் வரும்போது, "அப்பா ஊரில் இல்லை என்று சொல்லு" என்று அதே பிள்ளையிடம் போனை நீட்டுகிற வீடுகள் நம் பங்கில் இல்லாமலில்லை. பிள்ளை அப்போது உங்கள் முகத்தைப் பார்க்கும். அதற்கு 54 கணக்கெல்லாம் வேண்டாம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த தடவை அது உங்களிடம் பொய் சொன்னால், கோபத்தில் கையை ஓங்கும்முன் இதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அது நிஜமாகவே பொய்தானா என்பதையும் சட்டையில் பாருங்கள், முகத்தில் பார்க்க வேண்டாம். பொய்தான் என்று தெரிந்தாலும் சனிக்கிழமைவரைக்கும் பொறுக்க முடியுமா பாருங்கள். எனக்கே அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை மாலை 4 மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். பெரியவர்கள் முதலில் வாருங்கள், பிள்ளைகள் உங்கள் பின்னால் வரிசையில் நிற்கட்டும். தட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு யாருடைய முகமும் தெரியாது.