பார்க்காத கண்

கண் எதற்கு? ‘பார்க்கத்தான், இதென்ன கேள்வி?’ என்பீர்கள். விழித்திரையில் வெளிச்சத்தை வாங்குவது குச்சி செல், கூம்பு செல் இரண்டு மட்டுமே என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினார்கள்.

1999-ல் ரஸ்ஸல் ஃபாஸ்டரின் குழு, இந்த இரண்டுமே இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தது. வெளிச்சத்துக்கேற்ப அவற்றின் உடல் கடிகாரம் சமர்த்தாக நேரத்தைத் திருத்திக்கொண்டது! கண்ணையே எடுத்துவிட்டால் முடியவில்லை. 2002-ல் ஆள் அகப்பட்டான்: மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட மூன்றாவது வகை செல். படம் காட்டுவது அதன் முக்கிய வேலை இல்லை. பகலா, இரவா என்று மூளைக்குச் சேதி சொல்வதுதான்.

மனிதர்களுக்கும் இது உண்டு. 1995-லேயே அமெரிக்காவில் பார்வை அடியோடு போன 11 பேரைச் சோதித்தார்கள். மூன்று பேருக்கு, பிரகாசமான விளக்கொளி பட்டதும் இரவு ஹார்மோனான மெலடோனின் குறைந்தது. கண்ணை மூடிக் கட்டினால் குறையவில்லை. அவர்களுக்கோ வெளிச்சம் வந்ததே தெரியாது.

அப்போ பார்த்தது யார்? ‘நான்’ இல்லை; என் கண். தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். என்னை உறுத்துவது வேறு. ‘பார்வைதான் போச்சே, கண் எதுக்கு?’ என்று அதை எடுத்துவிட்டால், நல்ல எண்ணத்தோடேயே ஒருவருடைய பகலையும் சேர்த்து எடுத்துவிடக்கூடும். வலி பொறுக்காமல் எடுத்தே ஆகவேண்டிய கண்ணும் உண்டு. ஆனால் கத்தியை எடுக்குமுன், ‘ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

‘பிரயோஜனமில்லை’ என்று எதைப் பற்றியும் சொல்லுமுன், ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று முன்னால் சேர்த்துக்கொள்வது நல்லது.