மயில் தின்ற விதைக்கு யார் பொறுப்பு?

 

மயிலைப் பார்த்தா நமக்கெல்லாம் கை தானா கும்பிடும். எங்க திருவண்ணாமலையில அதுக்குக் குறைவே இல்லை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்ல எங்கேயாவது ஒரு அகவல் சத்தம் கேட்கும். ரமணாசிரமத்துக்குள்ள போனா மனுஷங்களுக்கு நடுவுலயே சாதாரணமா நடந்து போகும். நானும் பார்த்த உடனே போனை எடுக்கற ஆளுதான். அந்தப் பழக்கத்தாலதான் போன ஆடிப்பட்டத்துல சித்தப்பாகிட்ட மாட்டிக்கிட்டேன்.

செங்கம் போற பக்கம் ஒரு கிராமத்துல அவருக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. மல்லாட்டை விதைச்சிருந்தார். (வேர்க்கடலையை எங்க பக்கம் மல்லாட்டைன்னுதான் சொல்வோம்.) விதைச்ச நாலாம் நாள் விடியற்காலையில போய் நின்னா, ஏழெட்டு மயில் வரிசையா மேயுது. ஒண்ணு தோகையை விரிச்சு ஆடவே ஆரம்பிச்சிடுச்சு. வீடியோ எடுத்து, "முருகனே எங்க கொல்லைக்கு வந்துட்டார்"னு ஸ்டேட்டஸ் போட்டேன். அரோகரா மழையா கொட்டுச்சு.

சித்தப்பா போனை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. அது வாயில இருக்கறது என் விதை. அதையும் சேர்த்து எழுது"ன்னார்.

சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து இன்னொண்ணு சொன்னார். "பக்கத்துக் கொல்லைக்காரரு மருந்து கலந்து வெச்சிடலாம்ங்கறாரு. நீ சஷ்டி விரதம் இருக்கற புள்ளை. நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

"ஐயையோ, அது முருகன் வாகனம் சித்தப்பா. தின்னா தின்னுட்டுப் போகட்டும், புண்ணியம்"னேன்.

"புண்ணியம் உனக்கு, விதைக்காசு எனக்கா?"

எனக்குப் பதில் வரலை. அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் மனசுல ஓடுச்சு. இன்னைக்கும் அதைப் பத்திதான் உங்ககிட்ட பேச வந்தேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். 1963-லயே மயிலை நம்ம தேசியப் பறவையா அறிவிச்சுட்டாங்க. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அது முதல் அட்டவணையில இருக்கு. கொன்னா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். ஆனா சட்டம் கொல்லாதேன்னு மட்டும்தான் சொல்லுது. போன விதையை அது திருப்பித் தராது.

மயில் பக்க நியாயமும் இருக்கு. அது பூச்சி, ஓணான், பாம்புக்குட்டின்னு தின்னு விவசாயிக்கு உதவியும் பண்ணுது. விதையும் தானியமும்கூட அதோட இயற்கையான இரைதான். இது என் மயில், இது உன் கொல்லைன்னு அதுக்குத் தெரியாது. ஒரு காலத்துல அதைக் கட்டுக்குள்ள வெச்சிருந்த நரியும் காட்டுப்பூனையும் பல இடத்துல குறைஞ்சு போச்சு. புதர்க்காடும் சின்னச் சின்னக் கரடும் அழிஞ்ச இடத்துல அது வயலுக்குத்தான் வரும். நரியை விரட்டினது மயில் இல்லை, கரட்டை உடைச்சதும் மயில் இல்லை. அப்போ மயில் மேல எப்படிக் குத்தம் சொல்றது?

சித்தப்பா மேலயும் குத்தம் சொல்ல முடியலை. கடன் வாங்கி விதை வாங்கினவர் அவர். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தா தீர்ப்பு எப்படிச் சொல்றது?

மறுநாள் பெரிய கோயிலுக்குப் போய் கம்பத்திளையனார் சன்னதியில நின்னேன். அருணகிரிநாதருக்காக முருகன் தூணுல காட்சி கொடுத்த இடம். மயிலுக்குன்னே தனியா ஒரு விருத்தம் பாடினவர் அவர். அங்க நின்னப்போ நமக்குத் தெரிஞ்ச ரெண்டு கதை புதுசா தெரிஞ்சுது.

ஒண்ணு, சூரபத்மன் கதை. கடைசியில அவன் மாமரமா நின்னான். வேல் பட்டு ரெண்டா பிளந்தது. ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல். யோசிச்சுப் பாருங்க, அழிக்கற பலம் முழுசா இருந்தும் முருகன் எதிரியை இல்லாம ஆக்கலை. தனக்குப் பக்கத்துலயே ஒரு இடம் கொடுத்தார். அப்போ, தொல்லை பண்றதை மருந்து வெச்சுத் தீர்த்துக்கட்டறது நம்ம வழி கிடையாது. மருந்து மயிலோட நிக்கவும் நிக்காது. காக்கா, நாய், ஆடு மாடுன்னு எது தின்னாலும் சாகும்.

ரெண்டாவது, வள்ளி கதை. வள்ளியம்மா என்ன வேலை பார்த்தாங்க? தினைப்புனம் காத்தாங்க! பரண் மேல நின்னு, கையில கவண் வெச்சுக்கிட்டு, ஆலோலம் பாடிப் பறவையை ஓட்டினாங்க. முருகன் அவங்களைத் தேடி வந்ததே அந்தப் புனத்துக்குத்தான். கதிரைத் தின்ன வந்த பறவையை ஓட்டினதுக்காக வள்ளியை யாரும் பாவின்னு சொல்லலை. அப்போ, மயிலைக் கொல்லையில இருந்து ஓட்டறது பாவமே இல்லை. "தின்னுட்டுப் போகட்டும், புண்ணியம்"னு நான் சொன்னதுதான் தப்பு. அடுத்தவர் விதையை எடுத்து நான் தானம் பண்ணிட்டேன்.

இந்தக் கேள்வி நம்ம ஊருக்கு மட்டும் இல்லை. ஸ்காட்லாந்துல பீவர்னு ஒரு பிராணி. ஓடைக்கரை மரத்தைப் பல்லாலயே கடிச்சுச் சாய்ச்சு அணை கட்டும். அங்க அதைப் பல நூறு வருஷம் முன்னாடியே வேட்டையாடி ஒழிச்சுட்டாங்க. 2009-ல நாப்டேல் காட்டுல திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க. 2019-ல சட்டப் பாதுகாப்பும் கொடுத்தாங்க. அது கட்டற அணையில தேங்கற தண்ணியில தவளையும் மீனும் பெருகுது. ஆனா அதே தண்ணி பக்கத்துப் பண்ணை நிலத்துலயும் ஏறுது. அங்கேயும் பார்த்து ரசிக்கறவர் ஒருத்தர், நஷ்டப்படறவர் வேற ஒருத்தர். மரத்தைச் சுத்தி கம்பி வலை கட்டறது, அணைக்குள்ள குழாய் போட்டுத் தண்ணி மட்டத்தைக் குறைக்கறதுன்னு சேர்ந்து வாழ வழி இருக்கு. எல்லா வழிக்கும் உழைப்பும் காசும் வேணும். அதை யார் கொடுக்கறதுங்கறதுதான் அங்கேயும் கேள்வி.

சித்தப்பாகிட்ட கேட்டேன், "அந்தக் காலத்துல மயில் வரலையா?" "வந்துச்சு. அப்போ வீட்டுல நாங்க ஆறு பேரு. பசங்க நாங்கதான் தகர டப்பா தட்டிக் காவல் இருந்தோம். இப்போ யாரு இருக்கீங்க?"

சுரீர்னு இருந்துச்சு. கொல்லையில ஆள் இல்லாம போனதுக்கு நானும் ஒரு காரணம். டவுனுக்கு வந்து, போன்ல மயிலைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்.

அதனால நாங்க நாலு பேரு, எல்லாரும் முருகன் கோயில்ல பழக்கமானவங்க, முறை போட்டுக்கிட்டோம். விதை முளைச்சு நிக்கற வரைக்கும் பத்து நாள். மயில் மேய வர்றது விடியற்காலையும் சாயங்காலமும்தான். அந்த ரெண்டு வேளையும் தகர டப்பாவோட போய் நின்னோம். பழைய புடவையை வேலி ஓரமா கட்டினோம். எல்லாம் காப்பாத்திட்டோம்னு சொல்ல மாட்டேன். கால்வாசி முன்னாடியே போயிடுச்சு. அதுக்கு மறுவிதை வாங்கற காசுல பாதியை நாங்க போட்டோம். சித்தப்பா முதல்ல வேண்டாம்னார். "வள்ளி வேலைக்கு வந்திருக்கோம் சித்தப்பா"ன்னதும் சிரிச்சுட்டு வாங்கிக்கிட்டார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்து வெச்சாரான்னு கேட்பீங்க. வெக்கலை. அவர் மனசு மாறிடுச்சுன்னு நான் பெருமை அடிச்சுக்க மாட்டேன். எங்க சத்தத்துல அவர் கொல்லைப் பக்கமும் மயில் எட்டிப் பார்க்கலை, அவ்வளவுதான். அடுத்த பட்டத்துக்கும் யாராவது போய் நிக்கணும்.

சொந்தங்களே, மயிலைப் படம் எடுங்க, கும்பிடுங்க, ஸ்டேட்டஸ் போடுங்க. தப்பே இல்லை. கூடவே அது யார் கொல்லையில நிக்குதுன்னும் ஒரு தடவை பாருங்க. உங்க ஊர்லயும் ஒரு சித்தப்பா தனியா டப்பா தட்டிக்கிட்டு இருப்பார். ஒரு நாள் காலையில போய் நில்லுங்க. அன்னைக்கு அதுவே உங்க விரதம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
ஓம் சரவணபவ 🙏🦚