பாட்டியின் நோயும் பேரரசரின் ஆணையும்

கி.பி. 267ஆம் ஆண்டில் சீனாவின் ஜின் பேரரசர் வூ, லி மி என்ற அறிஞரைப் பட்டத்து இளவரசரின் உதவியாளராக நியமித்தார். லி மி உடனே பதவியேற்கவில்லை. அவரை வளர்த்த பாட்டிக்கு அப்போது 96 வயது; நோயுற்றுப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பாட்டியின் காலம் முடியும்வரை தம்மை விட்டுவைக்கும்படி கேட்டு லி மி எழுதிய விண்ணப்பம், சீன உரைநடையின் சிகரங்களில் ஒன்றாக இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளில் படிக்கப்படுகிறது. வீட்டுக்குச் செய்யும் கடமை பெரிதா, அரசுக்குச் செய்யும் கடமை பெரிதா என்பது கன்பூசிய அறநெறியின் பழைய கேள்வி. ஒரு தனிமனிதரின் உயிர்ப் பிரச்சினையாக அது இவ்வளவு கூர்மையாக வெளிப்பட்ட இடங்கள் மிகச் சில.

லி மி இன்றைய சிச்சுவான் மாகாணத்தில் பிறந்தவர். பிறந்த ஆறாம் மாதத்தில் தந்தை இறந்தார். நான்கு வயதில் தாய்க்கு மறுமணம் நடந்தது. தந்தையைப் பெற்ற லியூ பாட்டிதான் பேரனை எடுத்து வளர்த்தார். ஒன்பது வயதாகியும் நடை வராத நோஞ்சான் பிள்ளை அவர். பெரியப்பா, சித்தப்பா கிடையாது, உடன்பிறந்தாரும் இல்லை. பிற்காலத்தில் பாட்டி படுக்கையில் விழுந்தபோது, உணவையும் கஷாயத்தையும் தாம் சுவைத்துப் பார்த்த பிறகே கொடுப்பார் என்றும், உடுத்திய உடையைக் கூடக் களையாமல் பக்கத்திலேயே படுத்திருப்பார் என்றும் ஜின் அரசின் வரலாற்று நூல் கூறுகிறது.

தவணை கேட்பது ஆபத்தான காரியம். லி மி முன்பு ஷு ஹான் அரசில் பதவி வகித்தவர். அந்த அரசு 263இல் வீழ்ந்தது. வென்றவர் கொடுக்கும் பதவியைத் தோற்ற நாட்டின் அதிகாரி தட்டிக்கழித்தால், பழைய அரசின்மேல் உள்ள பற்று என்றே சந்தேகம் எழும். உள்ளூர் அதிகாரிகள் வேறு, உடனே கிளம்பும்படி வீட்டு வாசலில் வந்து நெருக்கினார்கள். அதனால் விண்ணப்பத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. பழைய அரசில் இருந்ததையும், பதவியில் தமக்கு ஆசை உண்டு என்பதையும் தாமே ஒப்புக்கொண்டார். பெற்றோரைப் பேணுவதையே ஆட்சியின் அடிப்படையாக ஜின் அரசு பறைசாற்றி வந்ததையும் பணிவாக நினைவூட்டினார்.

அவருடைய வாதத்தின் உயிர்நாடி ஓர் எளிய கணக்கு. தமக்கு 44 வயது, பாட்டிக்கு 96. பேரரசருக்கு உழைக்க இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. பாட்டிக்கு நன்றிக்கடன் தீர்க்கவோ நாட்கள் கொஞ்சம். தாயையும் தந்தையையும் வளர்ந்தபின் காகம் ஊட்டிக் காக்கும் என்பது சீனர் நம்பிக்கை. அந்த அளவு கடனையாவது தீர்க்க விடுங்கள் என்பதே வேண்டுகோள். இளவரசருக்கு வேறு உதவியாளர் கிடைப்பார். பாட்டிக்கு வேறு பேரன் இல்லை. கடமைகளில் எது உயர்ந்தது என்ற தராசையே லி மி தூக்கவில்லை. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று மட்டும் கேட்டார். விண்ணப்பத்தின் கண்ணீரைவிட இந்தத் தெளிவே அதற்கு அறநூலின் தகுதியைத் தருகிறது.

இதற்கு வலுவான எதிர்வாதமும் உண்டு. லி மிக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் ஒரு கதை சொன்னார். லூ நாட்டு வீரன் ஒருவன் மூன்று முறை போர்க்களத்தை விட்டு ஓடினான். தான் செத்தால் கிழத் தந்தைக்குச் சோறுபோட ஆளில்லை என்று காரணம் சொன்னான். கன்பூசியஸ் அவனை மெச்சி உயர்பதவிக்குப் பரிந்துரைத்தார். விளைவு, லூ வீரர்கள் புறமுதுகிடப் பழகினார்கள். தந்தைக்கு நல்ல மகன் அரசனுக்குத் துரோகி என்பது ஹான் ஃபெய்யின் முடிவு. எல்லோரும் வீட்டைக் காரணம் காட்டினால் நாடு நிற்காது என்ற அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சம் லி மியைத் தொடாது. அவர் ஏற்ற பொறுப்பை நடுவில் கைவிட்டு ஓடவில்லை; ஏற்குமுன், காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி அனுமதி கேட்டார். கேட்டதும் தவணைதான். பாட்டியைக் கவனிக்க ஒரு தம்பி இருந்திருந்தால் அவருடைய வாதம் அன்றே விழுந்திருக்கும். இந்த வரம்புகளை விட்டுவிட்டு லி மியைத் துணைக்கு அழைப்பது நேர்மையாகாது.

பேரரசர் மனம் இளகினார். இரண்டு பணியாட்களை அனுப்பிவைத்து, பாட்டிக்கு உணவுப்பொருள் வழங்கும்படி உள்ளூர் நிர்வாகத்துக்கும் ஆணையிட்டார். பாட்டி இறந்து, துக்க காலமும் கழிந்தபின் லி மி சொன்னபடி பணியில் சேர்ந்தார்.

பின்வந்த அரசுகள் இதைப் பேரரசரின் கருணைக்கு விட்டுவைக்கவில்லை. 653இல் வெளியான தாங் அரசின் சட்டத்தொகுப்பு, கவனிக்க வேறு ஆளில்லாத முதிய அல்லது நோயுற்ற பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் விட்டுவிட்டுப் பதவியேற்கப் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.