முதுமையில் எங்கே வாழ்வது?

இல்லறத்தான் ஒருவன் தன் தலை நரைத்ததையும், தோல் சுருங்கியதையும், மகனுக்கு மகன் பிறந்ததையும் காணும்போது, வனம் செல்லும் காலம் வந்துவிட்டது என்று அறிய வேண்டும் என்பது மனு ஸ்மிருதி கூறும் முறை. மனைவியை மக்களிடம் ஒப்படைத்துவிட்டோ, உடன் அழைத்துக்கொண்டோ அவன் புறப்படலாம். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்னும் நான்கு ஆசிரமங்களுள் இது மூன்றாவது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இத்தனை வயதில் புறப்பட வேண்டும் என்று அந்த விதி எண்ணிக்கை எதையும் கூறவில்லை. உடல் தளர்ந்ததா, குடும்பப் பொறுப்பை ஏற்க அடுத்த தலைமுறை எழுந்து நின்றதா என்ற இரண்டையுமே அது பார்க்கச் சொன்னது.

இன்று அத்தகைய வனங்கள் இல்லை. ஆனால் குறிப்பிட்ட வயதைக் கடந்தோர் மட்டுமே வசிப்பதற்கென்று கட்டப்பட்ட குடியிருப்புகள் உள்ளன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960 ஜனவரி முதல் நாளன்று திறக்கப்பட்ட சன் சிட்டி, இவ்வகைக்கு உலகெங்கும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இந்தியாவில் 2000-க்குப் பிறகு இவை பெருகத் தொடங்கின. தில்லிக்கு அருகே, ராஜஸ்தானைச் சேர்ந்த பிவாடியில் 55 வயது நிறைந்தோருக்கென அமைந்த ஆஷியானா உத்சவ் அவற்றுள் ஒன்று. தமிழகத்தில் கோயம்புத்தூரைச் சுற்றிப் பல எழுந்துள்ளன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே, 60 வயது நிறைந்தோர் நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள். ஆகவே, 'இருக்கும் வீட்டிலேயே இருப்பதா, மக்களிடம் செல்வதா, முதியோர் குடியிருப்புக்குச் செல்வதா?' என்னும் கேள்வி இன்று எண்ணற்ற இல்லங்களில் எழுகிறது.

தலைநகரில் எழும் கேள்வி

தில்லிவாழ் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சற்றுக் கடினமானது. இளமையில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, மத்திய அரசு அலுவலகத்தில் பணியேற்று, ராமகிருஷ்ணபுரத்திலோ சரோஜினி நகரிலோ அரசுக் குவார்ட்டர்ஸில் மக்களை வளர்த்து, ஓய்வு பெறும் தறுவாயில் மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ ஒரு ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர்கள் பலர். ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-இல் கும்பாபிஷேகம் கண்ட உத்தர சுவாமிமலையில், இத்தகைய குடும்பங்களின் நாற்பது ஐம்பது ஆண்டுக்கால வேண்டுதல்கள் நிறைந்திருக்கின்றன.

இப்போது மக்கள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வீடு. தீபாவளியை ஒட்டித் தொடங்கும் புகைமூட்டம் குளிர்காலம் முழுவதும் மூச்சை அடைக்கிறது. மறுபுறம், சி.ஜி.எச்.எஸ். அட்டைக்கு மருந்து தரும் நிலையம் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. வீட்டுச் சாவியை நம்பிக் கொடுத்து வைக்கக்கூடிய பஞ்சாபிக் குடும்பம் எதிர்வீட்டில் இருக்கிறது. தமிழகம் திரும்பலாம் என்றாலோ, பிறந்த ஊரில் பெயர் சொல்லி அழைப்பவர் எவரும் இல்லை. இந்நிலையில் கணவன் ஒன்று நினைக்கிறார்; மனைவி ஒன்று நினைக்கிறார்; தொலைபேசியில் மகன் ஒன்று சொல்கிறான்; மகள் வேறொன்று சொல்கிறாள். 'பெற்றோரைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்' என்று உறவினர் பேசுவார்களே என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

அஸ்தினாபுரத்து அரண்மனையில் ஒரு முதியவர்

பாண்டவர்களின் இந்திரப்பிரஸ்தம் தில்லிப் பழைய கோட்டை அமைந்த இடமே என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அஸ்தினாபுரமோ இன்றைய மீரட் மாவட்டத்தில், தில்லிக்கு வெகு தொலைவில் இல்லை. முதுமையில் வீட்டை விட்டுச் செல்வதைப் பற்றி மகாபாரதம் ஒரு பர்வம் முழுவதையும் ஒதுக்கிப் பேசுகிறது. ஆசிரமவாசிக பர்வம் என்பது அதன் பெயர்.

போர் முடிந்தபின் திருதராஷ்டிரர் பதினைந்து ஆண்டுகள் யுதிஷ்டிரரின் அரண்மனையிலேயே வாழ்ந்தார். யுதிஷ்டிரர் அவருக்கு மரியாதையில் குறை வைக்கவில்லை. எனினும் பீமன் மட்டும், தமையனுக்குத் தெரியாமல், முதியவரின் காதில் விழும்படி சுடுசொற்களைப் பேசி வந்தான். உணவு, உடை, ஏவலர் எல்லாம் நிறைந்த அரண்மனையில், ஒரு சொல் அந்த முதியவரை அரித்துக்கொண்டிருந்தது. தன் மக்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதாலேயே முதுமை நிறைவு பெற்றுவிடும் என்று எண்ணுவோர் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

வனம் செல்ல அவர் விடை கேட்டபோது யுதிஷ்டிரர் கலங்கினார். அனுமதி தர மறுத்தார். இன்றைய மகன் ஒருவன், 'நான் இருக்கும்போது நீங்கள் ஏன் அங்கே போக வேண்டும்?' என்று மனம் வருந்துவது போன்றதே அது. வியாசர் வந்து எடுத்துரைத்த பிறகே அவர் இசைந்தார். முதியவரின் விருப்பத்தைத் தடுப்பது அன்பு என்று அவர் நினைத்திருந்தார். அதற்கு இடம் கொடுப்பதே அன்பு என்று வியாசர் உணர்த்தினார். புறப்படும் முன் திருதராஷ்டிரர் யுதிஷ்டிரருக்கு அரசநீதி உரைத்தார். குடிமக்களிடம் விடை பெற்றார். இறந்தோர்க்குரிய கடன்களைச் செய்து தானங்கள் அளித்தார். எவரிடமும் சொல்லாமல் மனக்கசப்போடு வெளியேறிய செயலாக அது முடியவில்லை.

அந்தப் பயணத்தில் மற்றொருவரும் சேர்ந்துகொண்டார். அவர் குந்தி தேவி. திருதராஷ்டிரரை அரித்த சொல்லைப் போல அவரைப் புண்படுத்தும் சொல் எதுவும் அங்கே இல்லை. மக்கள் ஐவரும் அரசாள்கிறார்கள். காலில் விழுந்து தடுக்கிறார்கள். எனினும் மக்கள் வென்ற அரசின் சுகத்தைத் தான் நாடவில்லை என்றும், கணவரின் பார்வையற்ற அண்ணனுக்கும் கண்களைக் கட்டிக்கொண்ட காந்தாரிக்கும் பணிவிடை செய்யவே செல்வதாகவும் கூறினார். குந்தியின் தோளைப் பற்றிக் காந்தாரியும், காந்தாரியின் தோளைப் பற்றித் திருதராஷ்டிரரும் நடந்தனர்.

ஒரே வழியில் ஒரே இடத்திற்குச் சென்ற இவ்விருவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவரை மனப்புண் முதலில் தூண்டியது. மற்றவரைச் சேவை அழைத்தது. சென்ற இடம் ஒன்றே. சென்ற மனம் வேறு. முதியோர் குடியிருப்பைப் பற்றி முடிவெடுக்கும் தம்பதியர் முதலில் ஆராய வேண்டியது இதைத்தான். மருமகளிடம் உண்டான கோபத்தால் செல்கிறோமா? மகனுக்குப் பாடம் கற்பிக்கச் செல்கிறோமா? அப்படியானால் அந்தக் கோபமும் பெட்டிகளோடு கூடவே வந்து இறங்கும். அதை முதலில் தீர்த்துக்கொண்டு, மக்களிடம் பேசி, அவர்கள் மனம் தெளிந்து விடைகொடுக்கும்படி செய்தபின் புறப்படுவதே முறை. பாண்டவர்கள் பின்னர் வனத்திற்கே சென்று பெரியோர்களைக் கண்டு, சில காலம் உடன் தங்கினார்கள் என்றும் இதிகாசம் கூறுகிறது. முறையாகப் பிரிந்தவர்களிடம் உறவு அறுபடுவதில்லை.

மைத்ரேயி கேட்ட கேள்வி

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டு நீங்க முடிவு செய்கிறார். உடனே எழுந்து போய்விடவில்லை. மைத்ரேயி, காத்யாயனி என்னும் மனைவியர் இருவருக்கும் உரியதைப் பிரித்து வைத்துவிட்டுச் செல்ல விரும்புவதாக மைத்ரேயியிடம் சொல்கிறார். அந்த அம்மையாரோ, செல்வம் நிறைந்த பூமி முழுதும் கிடைத்தாலும் அதனால் மரணமில்லாப் பெருநிலை கிட்டுமா என்று கேட்கிறார். உபநிடதத்தின் உன்னதமான உபதேசம் அக்கேள்வியிலிருந்தே பிறந்தது.

இதில் இல்லறத்தார்க்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, மனைவியின் மனத்தை அறியாமல் எடுக்கும் முடிவு நிறைவான முடிவன்று. மத்திய அரசு அலுவலகம் கணவருக்கு 60 வயதில் ஓய்வு தந்துவிட்டது. மனைவிக்குச் சமையலறை இன்னும் ஓய்வு தரவில்லை. குடியிருப்பின் பொது உணவுக்கூடம் கணவருக்குச் சிறு வசதி. அவருக்கோ ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் கிடைக்கும் முதல் விடுமுறையாக இருக்கக்கூடும். வேறொரு இல்லத்தில், மாலையில் விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்லக் கூடும் தோழியரே மனைவியின் உயிர்மூச்சாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

இரண்டாவது, இருவரில் ஒருவர் தனித்து நிற்கும் நாள் வரும். பேசத் தயங்கும் செய்தி இது. உண்மையில், எங்கே வாழ்வது என்ற முடிவு பெரும்பாலும் அந்த ஒருவருக்காக எடுக்கப்படுவதே. இருவரும் நலமாக இருக்கும்போது மூன்றாம் மாடி பெரிய குறையன்று. தனித்து நிற்பவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால் கதவைத் திறக்க ஒருவர் வேண்டும். வங்கிக் கணக்கு எங்கே, பத்திரம் எங்கே என்று அறியாத மனைவியை விட்டுச் செல்பவர், எத்தனை வசதியான இடத்தில் அவரைக் குடிவைத்தாலும் கடமையை முடித்தவர் ஆகமாட்டார். உடலும் அறிவும் தெளிவாக இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. நோய்வாய்ப்பட்ட பின், முடிவைப் பிறர் எடுத்துவிடுகிறார்கள்.

விசாரிக்க வேண்டியவை

ஆன்மிக நோக்குடையவர் உலகியல் விவரங்களில் அசட்டையாக இருக்கலாம் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. வீடு விலைக்கா, குத்தகைக்கா? மாதந்தோறும் செலுத்தும் பராமரிப்புத் தொகை ஆண்டுதோறும் எவ்வளவு உயரலாம்? படுக்கையில் விழுந்தால் அங்கேயே பேணுவார்களா, வெளியேறச் சொல்வார்களா? மருத்துவமனை எவ்வளவு தூரம்? பல குடியிருப்புகளில் மகனோ மகளோ வீட்டுக்கு உரிமையாளர் ஆகலாம். உரிய வயது நிறையாமல் அங்கே வசிக்க முடியாது. பேரக்குழந்தைகள் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கும் வரையறை இருக்கலாம். இவற்றை எழுத்து வடிவில் பெற வேண்டும். வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் இத்தகைய இல்லங்களுக்கென மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாதிரி என்பதால், அந்தந்த மாநிலம் ஏற்றுக்கொண்ட அளவே அவற்றுக்கு வலிமை உண்டு.

தில்லி வீட்டை விற்கும் முன், முடியுமானால் ஒரு மாதமாவது அங்கே தங்கிப் பார்ப்பது நல்லது. இருக்கும் சொத்து அனைத்தையும் பாசத்தால் உடனே எழுதிக் கொடுத்துவிட்டுக் கையேந்தி நிற்பதும் தியாகம் ஆகாது. பேணிக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியோர் அளித்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் வழியே மீட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் இடமளிக்கிறது. ஆதரவற்ற முதியோர்க்கு மாவட்டந்தோறும் இல்லம் அமைக்கவும் அதே சட்டம் வகை செய்கிறது. குடியிருப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லாத முதியோர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதையும் இது நினைவூட்டுகிறது.

நரை தோன்றாத புலவர்

சங்கப் புலவர் பிசிராந்தையாரிடம், ஆண்டுகள் பல ஆகியும் நரை தோன்றாதது எவ்வாறு என்று கேட்டனராம். அவர் மருந்து எதையும் கூறவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன் என்று வரிசைப்படுத்தினார். இறுதியில், தம் ஊரில் கற்று அடங்கிய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்றார். முதுமையை இனிதாக்கியவர்கள் யார் என்ற அந்தப் பட்டியலில், அண்டை அயலார்க்கும் இடம் உண்டு.

முதியோர் குடியிருப்பின் நன்மையும் குறையும் இதிலேயே அடங்கியுள்ளன. ஒத்த வயதினர் சூழ்ந்திருப்பதால் பேச்சுத்துணை உண்டு. சத்சங்கத்திற்கு வாய்ப்பு உண்டு. ஆனால் குழந்தைகளின் குரல் அபூர்வமாகவே கேட்கும். உடல்நோயையும், பிள்ளைகளின் குறையையும், போன மாதம் மறைந்தவரையும் பற்றியே நாளெல்லாம் பேசினால், எத்தனை தோட்டம் இருந்தும் அது வனமாகாது. மாலையில் நால்வர் கூடித் திருவாசகம் ஓதவும், கண் மங்கியவருக்கு ஒருவர் நாளிதழ் படித்துக் காட்டவும், அங்கே பணிபுரியும் தொழிலாளியின் குழந்தைக்கு ஒருவர் கணக்குச் சொல்லித் தரவும் தொடங்கினால், அந்த இடமே ஆசிரமம் ஆகிவிடும். மயூர் விஹார் வீட்டிலேயே இருக்க முடிவு செய்தவர்களுக்கும் இதே வாய்ப்பு காத்திருக்கிறது.

விட வேண்டியது எது?

செல்வந்தர் வீட்டுப் பணிப்பெண்ணை ஸ்ரீராமகிருஷ்ணர் உவமையாகக் காட்டுவார். எஜமானரின் குழந்தைகளை அவள் தன் குழந்தைகளாகவே சீராட்டி வளர்க்கிறாள். ஆயினும் தன் வீடு எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கிறது என்பதை அவள் மனம் அறியும். தில்லி வீடும், பிவாடிக் குடியிருப்பும், கோயம்புத்தூர்த் தோட்டவீடும் இந்த உவமையில் ஒன்றே. மூன்றும் பணிசெய்யும் வீடுகள். எதுவும் சொந்த ஊர் அல்ல.

ஆகவே வீட்டை விட்டுச் செல்வது பாவமும் அன்று. வீட்டிலேயே தங்குவது பற்றும் அன்று. மூன்றாம் ஆசிரமத்தில் விட வேண்டியது அதிகாரம். 'என் சொல்படியே வீடு நடக்க வேண்டும்' என்ற பிடியை மகனிடமும் மருமகளிடமும் தளர்த்தியவர், நகரத்தின் நடுவிலும் வனம் புகுந்தவரே. உடன் எடுத்துச் செல்ல வேண்டியது சேவை. எங்கே சென்றாலும் தன்னைவிடத் தளர்ந்த ஒருவர் அங்கே இருப்பார். அவருக்குத் தோள் கொடுப்பவருக்குத் தன் முதுமை பாரமாகத் தோன்றாது.

இக்கேள்வியை எதிர்நோக்கியுள்ள தம்பதியர் ஒரு மாலை நேரத்தில் விளக்கேற்றி, இறைவனை வணங்கிவிட்டு, ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்கட்டும். பின்னர் மக்களை அழைத்துப் பேசட்டும். கோபமும் அச்சமும் அடங்கிய மனத்தில் தெளியும் முடிவு எதுவாயினும், அதை இறைவனின் சித்தமாக ஏற்று, அந்த இடத்தில் நிறைவோடு வாழட்டும். தளர்ந்த கரங்களைப் பற்றி நடத்திச் செல்ல அவன் எங்கும் இருக்கிறான்.