இருமலும் கொல்லாமையும்

மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகளில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் பெயரைப் படித்த நாள் முதல், அம்மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டுமென்பது என் அவா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் அது நிறைவேறியது. அப்பயணத்தில் திருச்சுழியில் தங்கை வீட்டில் தங்கினேன். அவள் கணவருக்கு அங்கே அரசுப் பணி. தங்கை மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்பவள். அவ்வுறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க, நோயெதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்கிறாள்.

எனக்குச் சிறிது சளியும் இருமலும் இருந்தன. பனிக்காலந்தானே என்றிருந்துவிட்டேன். அங்கும் நீரை வடிகட்டியே பருகினேன். பொழுது சாயுமுன் உண்டேன். பிறகு இருமிக்கொண்டே அவளுடன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மூச்சுத் திணறலுடன் அவளை மதுரைக்குக் கொண்டு சென்றனர். இன்புளுவென்சா என்றனர். பெருங்காய்ச்சல் இல்லை. எதிர்ப்பாற்றல் குன்றியோருக்குக் காய்ச்சல் வெளிப்படாமலே அது நுரையீரலைப் பற்றிவிடக் கூடும். கிருமி உடலை விட்டு நீங்க வாரக்கணக்கிலும் ஆகலாம். ஓசல்டாமிவிர் மருந்து முதல் 2 நாட்களுக்குள் தந்தால் பயன் மிகுதி. அவளுக்கு அந்நாட்கள் கடந்திருந்தன. எனினும் தந்தனர். 18 நாட்களுக்குப் பின் வீடு திரும்பினாள். நோய் என்னிடமிருந்து வந்ததா என்று மருத்துவரை நான் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன் என்பதே உண்மை.

கொல்லும் எண்ணம் எனக்கில்லையே என்று மனத்தைத் தேற்ற முயன்றேன். தத்துவார்த்த சூத்திரமோ இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைக்கிறது. எறும்புக்கு விழித்திருந்தவன் தங்கைக்கு உறங்கிவிட்டேன்.

அவள் அவ்வாண்டும் தடுப்பூசி போட்டிருந்தாள். அத்தகையோருக்கு அது முழுக்காப்பு அளிப்பதில்லை; ஆதலின் உடனுறைவோரும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். இங்குதான் சிக்கல். இத்தடுப்பூசிகளில் பெரும்பாலானவை கருவுற்ற கோழி முட்டையில் வளர்த்தெடுக்கப்படுவன. முட்டையின்றி உயிரணு வளர்ப்பில் செய்யும் முறையும் உண்டு. 2009இல் பரவிய பன்றிக் காய்ச்சலுக்கு ஐதராபாத்தின் பாரத் பயோடெக் 2010இல் அவ்வாறு ஒன்றைச் செய்தது. ஆயினும் முட்டைவழியே இன்றும் பெருவழக்கு.

ஒரு கரு அழியத் தாம் காரணமாகலாமா என்று கேட்டார் தங்கை கணவர். அக்கேள்வியை நான் எளிதாக எண்ணவில்லை. மருந்துதானே என்று மழுப்புவது நமக்குத் தகாது, அதுவும் உயிரே. ஆனால் விரதம் என்னுடையதாகவும், அதற்கு விலை தருபவள் அவளாகவும் இருப்பின், அதனை என் விரதம் என்று எவ்வாறு கூறுவேன்?

நான் போட்டுக்கொண்டேன். அந்தக் கருவை எண்ணி அன்று உண்ணாதிருந்தேன். அவர் இன்னும் துணியவில்லை. இருமல் வந்தால் முகக்கவசம் அணிந்து திண்ணையில் படுத்துக்கொள்கிறார். தங்கை அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை.