ஈரமா, உலர்ந்ததா?

இங்கிலாந்தின் பூல் நகரில் தயாரான பழைய பிரிட்டிஷ் சீகல் படகு மோட்டாரை, கயிறு சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். கிளம்பாவிட்டால் பலரும் இன்னும் வேகமாக, இன்னும் கோபமாக இழுக்கிறார்கள். வலிப்பது தோள்தான்.

கயிற்றை வைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கலாம். போன பருவத்துப் பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்டில் பிசினாகப் படிந்திருக்கலாம். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவில்லை. பழைய மாடல்கள் 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கேட்பவை. அதனால் பிளக்கில் கரி சீக்கிரம் பிடிக்கும்.

கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம் இது. அந்த நேர்மைக்காகவே இதை மதிக்கிறேன். ஆத்திரத்தில் கயிறு இழுப்பவர் கேள்வியே கேட்பதில்லை. தன் பலத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்.

சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகே தீப்பொறியைச் சோதியுங்கள். புதிய பிளக்கிலும் பொறி வரவில்லையா? ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கும் மேக்னெட்டோ பாயின்ட்டைச் சுத்தம் செய்யுங்கள்.