வரைந்த கைக்கும் ஒரு பெயர் உண்டு

ஒருவர் படைத்த கதைமாந்தரை இன்னொருவர் வரையலாமா? வரைந்ததை ஊருக்குக் காட்டலாமா? காட்டியதை விற்கலாமா? சிறுவர்களுக்கான மாயாஜால நாவல் வரிசைகள் உலகெங்கும் பரவியபின் இந்தக் கேள்விகள் நீதிமன்றம் வரை போய்விட்டன. ஆனால் அவை முதலில் எழுவது பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில். அங்கே பென்சிலோடு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஒரு குழந்தை. ஆகவே இதை வழக்கறிஞர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது; பெற்றோரும் ஆசிரியரும் கடைக்காரரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அந்தமான் தீவுகளில் உள்ள போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. பஜார் பழைய பெயரோடுதான் இருக்கிறது. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைகளில் வங்காளமும் இந்தியும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். சென்னையிலிருந்து கப்பலில் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் வழியே சொட்டுச் சொட்டாக வந்த இணையத்தையே ஊர் நம்பியிருந்தது. இன்று இங்கே ஒரு குழந்தை வரையும் படம் அடுத்த நிமிடமே மதுரையிலும் டொராண்டோவிலும் தெரியும். அதே வேகத்தில் களவும் போகும்.

பஜாருக்கு அருகே வசிக்கும் மாணவி ஒருத்தி ஹாரி பாட்டர் கதைகளில் மூழ்கிக் கிடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். புத்தக அட்டையின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து மந்திரப் பள்ளியின் கோட்டையை அப்படியே எடுத்தால் அது கைப்பழக்கம். அதில் குற்றம் காண எதுவுமில்லை. அடுத்த தாளில் அவள் அந்தக் கோட்டையை எதிரே தெரியும் ராஸ் தீவுக்குக் கொண்டுபோகிறாள். ஆங்கிலேயர் விட்டுப்போன செங்கல் சுவர்களை மர வேர்கள் பற்றி இறுக்கியிருக்கின்றன. கூரை போன தேவாலயத்துக்குள் மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். புள்ளிமான்கள் படிக்கட்டில் படுத்திருக்கின்றன. கடிதம் சுமந்து வருவது ஆந்தைக்குப் பதில் அந்தமான் காட்டுப்புறா. இந்தப் படத்தில் பாதி, அந்தக் கதைகளை எழுதிய ரௌலிங்குடையது. மறுபாதி இந்த மண்ணில் வளர்ந்த ஒரு குழந்தையின் கண்ணுடையது. வேறு எவராலும் இதை வரைந்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட ரசிகர் ஓவியத்துக்கு எதிரான வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஒரு கற்பனை உலகத்தைக் கட்டி எழுப்ப எழுத்தாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார். அதில் யார் வேண்டுமானாலும் புகுந்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், நாளை அவருடைய குழந்தைப் பாத்திரங்களை ஆபாசமாக வரைபவரையும் தடுக்க முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளியின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு பாதுகாப்புத் தருகிறது. அச்சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகுகூடத் தன் பெயரைக் கோரவும், தன் மதிப்பைக் குலைக்கும் சிதைவை எதிர்க்கவும் படைப்பாளிக்கு இடம் தருகிறது. இவை நியாயமான பாதுகாப்புகள்.

ஆனால் கதை என்பது வாசிப்பவர் மனத்தில்தான் முழுமை பெறுகிறது. ரசித்த குழந்தை சும்மா இருக்காது; வரையும், ஆடும், அடுத்த அத்தியாயத்தைத் தானே எழுதிப் பார்க்கும். ஒரே புத்தகத்தை நேசிக்கும் நாலு பேரைத் தேடிப் போகும். புத்தகக் கடைகளும் விழாக்களும் நிறைந்த பெருநகரத்தில் அந்த நாலு பேர் எளிதில் கிடைப்பார்கள். கடலால் சூழப்பட்ட ஊரில், வேறு வேறு தாய்மொழி பேசும் பிள்ளைகளை ஒரு மேசையில் உட்கார வைப்பதே அந்தப் படங்கள்தான். இந்தக் கூட்டுறவைத் திருட்டு என்று சொல்வது வாசிப்பையே குற்றமாக்குவதாகும்.

இந்த இரு வாதங்களும் நேருக்கு நேர் மோதிய வழக்கு நம் நாட்டிலேயே உண்டு. ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நாவல் 2007 ஜூலையில் வெளிவந்தது. அந்த ஆண்டு துர்கா பூஜைக்குக் கொல்கத்தா சால்ட் லேக்கின் எஃப்.டி. பிளாக் பூஜைக் குழு, கதையில் வரும் கோட்டையையே பந்தலாக எழுப்பத் தொடங்கியது. ரௌலிங்கும் அக்கதைகளைத் திரைப்படமாக்கிய வார்னர் பிரதர்ஸும் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகி 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டார்கள். விழா முடியும்வரை, அதாவது அக்டோபர் 26 வரை, பந்தல் நிற்கலாம் என்றது நீதிமன்றம். லாப நோக்கமில்லாத குழு என்பதால் இழப்பீடு இல்லை என்றும், இனிமேல் அனுமதியின்றி இப்படிச் செய்யக்கூடாது என்றும் சொன்னது. விழாவும் நடந்தது, எழுதியவரின் உரிமையும் ஏற்கப்பட்டது. ரௌலிங் தரப்புமே, ரசிகர்கள் பணம் பண்ணாமல் எழுதும் கதைகளைப் பொதுவாகத் தடுக்காமல் விட்டிருக்கிறது.

இதைப் பார்க்கும் பலர், பணம் வாங்காதவரை சரி, வாங்கினால் தவறு என்று கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோடு பயனுள்ளதுதான், ஆனால் போதாது. பள்ளிக் கண்காட்சியில் ஒரு தோழிக்காகக் கையால் வரைந்து கொடுத்து ஐம்பது ரூபாய் வாங்கும் மாணவியும், அதே பாத்திரத்தை ஐந்நூறு டீ-சர்ட்டில் அச்சடித்து விற்பவரும் ஒன்றாகிவிடுவார்களா? முதலாமவள் பெறுவது கைக்கூலி. இரண்டாமவர் விற்பது எழுத்தாளரின் பெயரை. சட்டத்தின் கண்ணில் இரண்டுமே அனுமதி கேட்க வேண்டியவையாக இருக்கலாம். அறத்தின் தராசில் இரண்டுக்கும் எடை வேறு. மறுபக்கம், காசே வாங்காமல் பிறர் படத்தைத் தன் படம் என்று காட்டிப் பாராட்டு வாங்குபவர், காசு வாங்கியவரைவிடப் பெரிய தவறு செய்கிறார்.

ஆகவே பணத்துக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாரிடமிருந்து பெற்றோம் என்பதைச் சொன்னோமா? தமிழ் மரபு இதை நன்றாக அறியும். இராமகாதையைத் தமிழில் பாடிய கம்பர், வடமொழியில் இக்கதை செய்தவர் மூவர் என்றும், அவர்களுள் முதலாமவரான வான்மீகியைத் தழுவியே தாம் பாடுவதாகவும் பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறார். கதை எவருடையது என்று சொன்னதால் கம்பரின் புகழ் குறையவில்லை.

குழந்தைகளின் மாயக்கதை உலகிலேயே இதற்கு மறுபக்கமான உதாரணம் இருக்கிறது. உருவிய வாளோடு சடலத்தைத் தோளில் சுமந்து திரும்பிப் பார்க்கும் விக்கிரமாதித்தனை அம்புலிமாமா படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வேதாளக் கதைகள் மிகப் பழையவை. அவற்றுக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு கை இருந்தது. 1950-களில் அந்த இதழில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக வரைந்த சங்கர் என்ற கே.சி. சிவசங்கரனின் கை அது. அவர் 2020-ல் மறைந்தார். அந்த உருவத்தைப் பார்த்து வரைந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்; அவர்களில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. கதை பொதுச்சொத்தாக இருக்கலாம், படம் வானத்திலிருந்து விழுவதில்லை.

இங்கேதான் பலர் காணத் தவறும் இன்னொரு கடன் தெரிகிறது. அந்த மாணவியின் ராஸ் தீவுக் கோட்டையை இணையத்திலிருந்து யாரோ எடுத்து, மூலையில் இருந்த கையெழுத்தை வெட்டிவிட்டு, கோப்பையிலும் பையிலும் அச்சடித்து விற்கிறார் என்று வையுங்கள். அவள் கேட்டால் என்ன பதில் வரும்? “நீயே ரௌலிங்கிடம் அனுமதி வாங்காமல்தானே வரைந்தாய்?” கேட்பதற்குச் சரிபோலத் தோன்றும் இந்தப் பதில் அநியாயமானது. அவள் எழுத்தாளருக்குக் கடன்பட்டிருக்கிறாள் என்பது உண்மை. அந்தக் கடனைக் காட்டி அவளுடைய உழைப்பைப் பறிக்க மூன்றாமவருக்கு எந்த உரிமையும் இல்லை. பாத்திரம் ரௌலிங்குடையது, வேர்களும் மான்களும் காட்டுப்புறாவும் அவளுடையவை. விற்பவர் ஒரே நேரத்தில் இருவரிடமும் எடுத்திருக்கிறார்.

இயந்திரங்கள் படம் வரையத் தொடங்கியபின் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. 2025 மார்ச்சில் ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பாணியில் செயற்கை நுண்ணறிவு தயாரித்த படங்கள் உலகமெங்கும் கொட்டின. ரசிகர் ஓவியமும் பிறர் பாணியிலிருந்துதானே பிறக்கிறது என்று கேட்கலாம். பார்த்து வரைபவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், தவறி அழித்து மறுபடி வரைகிறார், கடைசியில் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்கிறார். ஒரு வரி தட்டிப் படம் பெறுபவரோ யாரிடமிருந்து எடுத்தார் என்பதைக்கூடச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். கடனைச் சொல்லவே வழியில்லாத படைப்பை அன்பின் வெளிப்பாடு என்று ஏற்பது கடினம்.

எனவே தீர்ப்பு இதுதான். வரைவது தவறல்ல, குழந்தைகள் வரையட்டும், சேர்ந்து ரசிக்கட்டும். படத்தின் கீழே இரண்டு பெயர் இருக்கட்டும்: கதை தந்தவர் பெயர், வரைந்தவர் பெயர். பிஞ்சு மனங்களுக்கான பாத்திரங்களை இழிவுபடுத்த வேண்டாம். அச்சடித்துப் பெருக்கி விற்பதானால் இருவரிடமும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். பஜாரில் கோப்பைக்கும் டீ-சர்ட்டுக்கும் படம் அச்சடித்துத் தரும் கடைக்காரர்கள், படத்தோடு வருபவரிடம் “இதை யார் வரைந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஆசிரியர்கள் ஓவியப் போட்டியில் மதிப்பெண் போடும் முன் அதையே கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பழகும் பிள்ளை, நாளை தானே ஒரு கதை உலகத்தைப் படைக்கும்போது, அதற்குள் ஆசையோடு வரும் வாசகரைத் திருடர் என்று விரட்டாது.